நெல்லிக்கனியோடு நிறுத்துவது ஏன்?

அதியமான் நெடுமான் அஞ்சி கிடைத்தற்கரிய நெல்லிக்கனியொன்றைப் பெற்றான். அதனைத் தான் உண்ணாது ஔவைக்கு ஈந்தான். இக்கதையைக் கேளாத தமிழ்க் குழந்தை கோலசிலாங்கூர்த் தோட்டங்களிலும் இல்லை. கோலாலம்பூர் நகரத்திலும் இல்லை. பள்ளியிலே ஆசிரியர் சொல்கிறார். ஆண்டு விழாவிலே மாணவர் நடிக்கின்றனர். மேடையிலே பேச்சாளர் முழங்குகிறார். பாரி முல்லைக்குத் தேர் ஈந்த கதையும் அவ்வாறே. கேட்போர் கைதட்டுகின்றனர், திரை விழுகிறது, கதை முடிந்ததென்று எண்ணிக் குழந்தை வீடு திரும்புகிறது.

கதை முடிந்ததா? முடியவில்லை, தோழர்களே! கனி ஈந்த அதியமான் பின்னர் மார்பிலே வேல் பாய்ந்து மாண்டான். அவன் மாண்டபின் ஔவை ஆற்றாது பாடிய பாட்டுகள் புறநானூற்றிலே இன்றும் இருக்கின்றன. தேர் ஈந்த பாரியை மூவேந்தரும் முற்றுகையிட்டனர், பாரி மாண்டான், பறம்பு மலை பிறர் கைப்பட்டது. தந்தையையும் மலையையும் ஒருங்கே இழந்த அவன் மகளிர் இருவரும் பாடியதாக நிற்பது புறநானூற்றின் 112-ஆம் பாட்டு. நண்பனை இழந்த கபிலரோ அப்பெண்களை உடனழைத்துக்கொண்டு ஊரூராக நடந்தார். கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து உயிர்நீத்தபோது, முன்பு அவனை நேரிற் கண்டறியாத பிசிராந்தையாரும் வந்து உடன் உயிர்நீத்தார். நம் முன்னோர் நட்பைப் பாடியவிடத்து அதன் இழப்பையும் பாடினர். அவ்வாறிருக்க, நம் குழந்தைகளுக்கு மட்டும் முன்பாதியைக் கொடுத்துப் பின்பாதியை ஒளித்துவைக்கும் உரிமையை நமக்கு அளித்தவர் யார்?

இதுவே இக்கட்டுரையின் கேள்வி. மலேசியத் தமிழ்க் குழந்தைகளுக்கென்று நாம் எழுதும் கதைகள், அச்சிடும் கதைகள், சொல்லும் கதைகள் அனைத்தும் நெல்லிக்கனியோடு நின்றுவிடுகின்றன. நண்பன் வருகிறான், உதவுகிறான், பரிசு பெறுகிறான், நீதி கீழே பெரிய எழுத்தில் அச்சாகிறது. நண்பன் போய்விட்டால் என்ன செய்வது என்பதற்கு ஒரு வரியும் இல்லை. போகாத நண்பர்கள் கதையிலே மட்டுந்தான் இருக்கிறார்கள். தோட்டத்துப் பிள்ளை வாழும் வாழ்விலே போகிறவர்களே மிகுதி.

ஆற்றங்கரையிலே எத்தனை பிரிவுகள்!

சிலாங்கூர் ஆறு பாயும் வடசிலாங்கூர் நிலத்தைச் சற்றே எண்ணிப் பாருங்கள். இன்று பெஸ்தாரி ஜெயா என்று பலகையில் எழுதப்பட்டிருக்கும் ஊர் 2007 வரை பத்தாங் பெர்ஜுந்தை. அதனையும் ஈஜோக், புக்கிட் ரோத்தான், ஜெரம் முதலிய ஊர்களையும் சுற்றிப் பால்மரமும் செம்பனையும் நட்டவர்களுள் நம் மக்கள் முதல் வரிசையில் நின்றவர்கள். இந்நாட்டில் வணிக முறையிலே செம்பனை முதன்முதலாகப் பயிரிடப்பட்டதும் இங்கேதான். 1917-ஆம் ஆண்டு, தென்னமரம் என்னும் தமிழ்ப் பெயரையே தாங்கிய தோட்டத்தில்! அதனை நடுவித்த பிரெஞ்சுக்காரர் ஹென்றி போக்கோனியே இதே ஆற்றங்கரையில் ரந்தாவ் பாஞ்சாங்கில் வாழ்ந்தவர். பின்னர் அவர் இம்மண்ணின் வாழ்வை ஒரு நாவலாக எழுதினார். அதற்குப் பிரான்சு நாட்டின் பெருமைமிக்க கோன்கூர் பரிசு 1930-இல் கிடைத்தது. அந்நாவலின் உயிர்நாடி நட்பும் அதன் அழிவுமே. துரைமகனுடைய நட்பும் துயரமும் உலகப் பரிசு பெறும் இலக்கியமாயின. அவர் தோட்டத்திலே பாலெடுத்த தாய்மாரின் பிள்ளைகளுடைய நட்பும் துயரமும் என்னவாயின? எழுதுவார் இன்றிக் காற்றோடு போயின.

போனவை சிறியனவா? 1942-இலும் 1943-இலும் ஜப்பானியர் சயாம்–பர்மா இரயில் பாதை போடுவதற்கென்று மலாயாத் தோட்டங்களிலிருந்து எழுபதாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொண்டு சென்றனர். அவர்களுட் பெரும்பாலோர் தமிழர். ஆயிரமாயிரமாய் அங்கேயே மடிந்தனர். லயத்துக்கு லயம் தந்தையற்ற பிள்ளைகள் நின்றனர். 1969-க்குப் பின், குடியுரிமை இல்லாதவர்கள் வேலை அனுமதிச்சீட்டுப் பெற்றாக வேண்டும் என்ற சட்டம் கடுமையாக நடைமுறைக்கு வந்தபோது பல்லாயிரவர் கப்பலேறித் தமிழ்நாடு சென்றனர். நேற்று வரை ஒன்றாகக் கோலி விளையாடிய இருவரில் ஒருவன் துறைமுகத்திலே நின்றான். மற்றவன் கப்பலின் மேற்றளத்திலே நின்றான். அதற்குப் பின்னும் தொல்லை ஓயவில்லை. மேரி, நைகல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் என்னும் ஐந்து தோட்டங்களின் மக்கள், தோட்டம் கைமாறி வேலை இழந்தபின், சொந்த வீட்டுக்காக இருபது ஆண்டுகளுக்கு மேல் போராடிய செய்தி செய்தித்தாள் படிப்போர் அறிந்ததே. அந்த இருபது ஆண்டுகளில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் எத்தனை பேர்! அவர்கள் கண் முன்னே எத்தனை லாரிகள் அடுப்பையும் பாயையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டிருக்கும்!

தோட்டத்து நட்பு நகரத்து நட்பைப் போன்றதன்று. ஆயாக்கொட்டகைத் தொட்டிலிலே அடுத்தடுத்துக் கிடந்தவர்கள் ஒன்றாய்ப் பள்ளிக்கு நடக்கின்றனர். ஒரே வாய்க்காலிலே மீன் பிடிக்கின்றனர். அம்மா வெட்டுக்குப் போன அதிகாலையிலே ஒருவன் தம்பியை மற்றவன் இடுப்பிலே சுமக்கின்றான். அப்படிப்பட்டவன் ஒரு நாள் மின்னல் தாக்கியோ, ஆற்றில் மூழ்கியோ, பெருஞ்சாலையிலே வண்டி மோதியோ மாண்டுபோனால், அல்லது ஒரே இரவிலே குடும்பத்தோடு வேறூர் போய்விட்டால், மிஞ்சியவன் நிலை என்ன? பெரியவர்கள் சடங்கிலே முனைந்திருப்பார்கள். ஆசிரியர் மறுநாளே அந்த நாற்காலியை வேறொருவனுக்குக் கொடுத்துவிடுவார். அவன் பெயரைச் சொன்னால் பாட்டி வாயைப் பொத்துவாள். இன்னும் கொடியது ஒன்றுண்டு. "அந்த மரத்தடிக்குப் போகாதே, அவன் அங்கே நிற்பான்" என்று அச்சுறுத்துவார்கள். நேற்று வரை தோழனாய் இருந்தவனை இன்று பேயாக்கிவிடுகிறோம்! ஒரு குழந்தையிடமிருந்து நண்பனைச் சாவு ஒரு முறை பறித்தது. நாம் இரண்டாம் முறை பறிக்கிறோம்.

மாண்டவர் மீளும் கதைகள்

"எங்கள் கதைகளிலே சாவே இல்லையென்று யார் சொன்னது?" என்று சிலர் சீறக்கூடும். உண்டு, நன்றாகவே உண்டு. தோட்டங்களிலே விடிய விடிய நடிக்கப்பட்ட அரிச்சந்திரன் கதையிலே லோகிதாசன் பாம்பு தீண்டி மாள்கிறான். சிறுத்தொண்டர் கதையிலே சீராளன் அறுக்கப்படுகிறான். மயிலாப்பூரிலே பூம்பாவை நஞ்சேறி மாண்டு சாம்பலாகிறாள். பிறகு? லோகிதாசன் எழுந்து உட்காருகிறான். சீராளன் ஓடி வருகிறான். பூம்பாவை குடத்திலிருந்து பெண்ணாய் வெளிப்படுகிறாள். பெரியோர் இவற்றுக்குத் தத்துவப் பொருள் கூறலாம். அவரவர் பக்தியோடு நமக்கு இங்கே வழக்கில்லை. நாம் கேட்பது குழந்தையின் செவியிலே இக்கதை எவ்வாறு விழுகிறது என்பதே.

பாம்பு தீண்டித் தோழனை இழந்த சிறுமி இக்கதையைக் கேட்டால் அவள் எண்ணம் எங்கே செல்லும்? "லோகிதாசன் எழுந்தான், என் தோழி ஏன் எழவில்லை?" என்றுதானே கேட்பாள்? அதற்கு நம்மிடம் இருக்கும் விடை என்ன? அவள் தாய் சந்திரமதியைப் போல் உத்தமியல்லள் என்பதா? அவள் தந்தை போதிய பூசை செய்யவில்லை என்பதா? முற்பிறப்பிலே என்ன பாவம் செய்தாளோ என்பதா? விடை எதுவாயினும் இழவு வீட்டின் மேல் பழியும் சேர்ந்துகொள்கிறது. சாவை ஏமாற்றிவிடலாம் என்று கற்பிக்கும் கதை, ஏமாற்ற முடியாதவரைக் குற்றவாளியாக்குகிறது. இதைவிட இரக்கமற்ற ஆறுதல் உலகிலே உண்டோ?

நீதிக்கதைகளின் சிறப்பையும் சற்றே பார்ப்போம். நட்பைப் பற்றி நம் குழந்தை முதலிலே கேட்கும் கதை எது? இரு நண்பர் காட்டு வழியே சென்றனர், கரடி வந்தது, ஒருவன் மரமேறினான், மற்றவன் செத்தவன்போற் கிடந்தான், கரடி காதிலே முணுமுணுத்தது. நட்பைப் பற்றிய முதற் பாடமே நண்பனை நம்பாதே என்பது! பஞ்சதந்திரத்தை எடுத்துக்கொண்டால் அதன் முதற் பகுதியே மித்திரபேதம், அஃதாவது நட்பைப் பிரித்தல். நரியின் சூழ்ச்சியால் சிங்கம் தன் நண்பனாகிய எருதைக் கொன்றுவிடுகிறது. கொன்றபின் சிங்கம் வருந்துகிறது. உடனே அந்நரியே வந்து, அரசனுக்கு வருத்தம் அழகன்று என்று தேற்றுகிறது! அரசியல் கற்கும் இளவரசர்களுக்கென்று கட்டப்பட்ட கதை அது. அதனளவில் கூரிய கதையே. ஆனால் தோழனை இழந்த பத்து வயதுப் பிள்ளையிடம், "ஆண்பிள்ளை அழலாமா? போனது போகட்டும், பாடத்தைப் படி" என்று நாம் சொல்லும்போது பேசுவது யார் குரல்? நரியின் குரலன்றோ?

குடைக்கு அழலாம், நண்பனுக்கு அழலாகாது

தமிழ்ப் பள்ளிகளில் ஆறாம் ஆண்டுத் தேர்வாகிய யு.பி.எஸ்.ஆர். 1988 முதல் நடந்து, 2021-இல் ஒழிக்கப்பட்டது. அத்தேர்வுக்கென்று கட்டுரை நூல்கள் மழைக்காலத்துக் காளான்போல் முளைத்தன. அவற்றிலே 'தன்கதை' என்றொரு வகை உண்டு. 'நான் ஒரு பேனா', 'நான் ஒரு குடை', 'நான் ஒரு மிதிவண்டி' என்று குழந்தை எழுதவேண்டும். தொழிற்சாலையிலே பிறந்தேன்; கடையிலே கிடந்தேன்; ஒருவர் வாங்கினார்; அன்போடு பயன்படுத்தினார்; உடைந்தேன்; இப்பொழுது குப்பைத் தொட்டியிலே கிடந்து கண்ணீர் வடிக்கிறேன். இவ்வாறு முடியும்.

தோழர்களே, இதன் வேடிக்கையை எண்ணிப் பாருங்கள்! பிரிவைப் பற்றியும் கைவிடப்படுவதைப் பற்றியும் எழுத நம் குழந்தைகளுக்கு ஆயிரம் முறை கற்பித்திருக்கிறோம். ஆனால் குடையின் வாயாலே மட்டும். குடைக்காக அழுதால் மதிப்பெண். நண்பனுக்காக அழுதால் மனக்கோழை! குப்பைத் தொட்டியிலே கிடக்கும் பேனாவுக்கு உள்ளம் உண்டென்று ஒப்புக்கொள்கிறோம். பக்கத்து நாற்காலி வெறுமையாகிவிட்ட குழந்தைக்கு உள்ளம் உண்டென்று ஒப்புக்கொள்ள நாணுகிறோம். தேர்வு ஒழிந்தது, அத்தேர்வு வார்த்த அச்சு ஒழிந்ததா? ஆசிரியத் தோழர்கள் தத்தம் வகுப்புக் கட்டுரை ஏடுகளைப் புரட்டிப் பார்த்து விடை கூறட்டும்.

இக்கதைகளிலே வரும் பிள்ளைகளின் பெயர்களையும் பாருங்கள்: ராமுவும் சோமுவும். அவர்கள் எந்த ஊரார்? எந்த ஆற்றிலே குளித்தவர்? ஒருவருக்கும் தெரியாது. பக்கத்துக் கம்பத்து மலாய்ப் பையனும், கடைக்காரச் சீனர் மகளும் அவர்களுக்கு நண்பராவதில்லை. சாதி பார்த்து "அந்த வீட்டிலே தண்ணீர் குடிக்காதே" என்று தடுக்கும் தாயும் அங்கே இல்லை. சாவினால் மட்டுமா நட்பு அழிகிறது? சாதியினாலும் அழிகிறது, இனத்தின் பெயரால் ஊட்டப்படும் வெறுப்பினாலும் அழிகிறது. அவ்வாறு நண்பனை இழக்கும் குழந்தையின் கதையை எழுத அஞ்சுவோர், அக்குழந்தையைக் காக்கவில்லை. தம்மையே காத்துக்கொள்கின்றனர்.

எதிர்ப்பாளர் கூற்றும் நம் மறுமொழியும்

"சின்னஞ்சிறு பிள்ளைகளை அழவைப்பது முறையா?" என்பது முதற் கூற்று. அழவைப்பது கதையா, வாழ்வா? கதை இல்லாவிட்டால் குழந்தை அழாது என்று எண்ணுவோர், குடை இல்லாவிட்டால் மழை பெய்யாது என்றும் எண்ணுவர். குழந்தை ஏற்கனவே அழுதுகொண்டுதான் இருக்கிறது, போர்வைக்குள்ளே, ஓசையின்றி. "நீ மட்டும் அழவில்லை, இதோ உன்னைப்போல் ஒருத்தி" என்று காட்டும் கதை அதன் கையைப் பற்றுகிறது.

அமெரிக்க எழுத்தாளர் காதரின் பேட்டர்சனுக்கு ஒரு மகன். 1974-இல் அவனுடைய எட்டு வயதுத் தோழி மின்னல் தாக்கி இறந்தாள். மகனுக்குச் சொல்ல ஆறுதல் மொழி ஒன்றும் கிட்டாத அத்தாய், 'டெராபிதியாவுக்குப் பாலம்' என்னும் கதையை எழுதினார். 1977-இல் அது வெளிவந்தது. மறு ஆண்டிலே அந்நாட்டுக் குழந்தை இலக்கியத்தின் உயரிய பரிசாகிய நியூபெரிப் பதக்கத்தைப் பெற்றது. ஒரு சிறுவனும் ஒரு சிறுமியும் காட்டோடையைத் தாண்டித் தங்களுக்கென்று ஒரு கற்பனை நாட்டை ஆள்கின்றனர். ஒரு நாள் சிறுமி ஓடையிலே விழுந்து மாள்கிறாள். அவள் எழுந்து வருவதில்லை. சிறுவன் சினக்கிறான், மறுக்கிறான், அழுகிறான், முடிவிலே அந்த ஓடைக்கு ஒரு பாலம் கட்டித் தன் தங்கையை அழைத்துச் செல்கிறான். இவ்வளவுதான் கதை. அங்கேயும் 'இது குழந்தைகளுக்கு ஆகாது' என்று பள்ளிகளிலிருந்து அதனை அகற்றச் சொன்னவர்கள் உண்டு. அவர்கள் கூச்சலையும் மீறிப் பிள்ளைகள் அதனைத் தலைமுறை தலைமுறையாகப் படித்துவருகின்றனர். இடியும் மின்னலும் ஓயாத சிலாங்கூர் மாநிலத்திலே, அத்தகைய தோழனை இழந்த பிள்ளைக்குத் தமிழிலே கொடுக்க நம்மிடம் என்ன இருக்கிறது?

"அதெல்லாம் வெள்ளைக்காரர் பழக்கம், நமக்கு ஒவ்வாது" என்பது இரண்டாவது கூற்று. புறநானூறு வெள்ளைக்காரர் நூலா? பாரி மகளிர் எந்நாட்டுப் பெண்கள்? மலையை இழந்த அவ்விரு பெண்களுக்கும், தோட்டத்தை இழந்து லாரியின் பின்னே அமர்ந்து செல்லும் சிறுமிக்கும் இடையிலே காலம் ஒன்றைத் தவிர வேறு தொலைவு இல்லை. கிழக்கு நாட்டுச் சான்று வேண்டுமாயின் ஜப்பானைக் காண்க. டெட்சுகோ குரோயநாகி 1981-இல் வெளியிட்ட 'டோட்டோ-சான்' தமிழிலும் வந்து, பல்லாயிரம் வீடுகளிலே படிக்கப்படுகிறது. இளம்பிள்ளை வாதத்தால் கைகால் விளங்காத நண்பனை அச்சிறுமி எத்தனை பாடுபட்டு மரத்தின் மேல் ஏற்றுகிறாள்! அந்நண்பன் பின்னர் இறந்துபோகிறான். அவள் உயிராய் நேசித்த பள்ளியும் போர்க்காலக் குண்டுவீச்சிலே எரிந்துபோகிறது. அதே போர்க்காலத்திலேதான் நம் மூதாதையர் சயாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். தோக்கியோச் சிறுமியின் இழப்புக்காக நம் பிள்ளைகள் தமிழிலே கண்ணீர் விடுகின்றனர்; விடட்டும், அது நன்றே. சயாமுக்குப் போன தகப்பனுக்காகத் தோட்டத்து வாயிலிலே காத்து நின்ற தமிழ்ச் சிறுமிக்காகக் கண்ணீர் விட அவர்களுக்கு ஒரு நூல் எங்கே? பெரியவர்களுக்கு உண்டு. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' உண்டு, அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' உண்டு. குழந்தை கையிலெடுத்துப் படிக்கத்தக்கதாய் ஒன்று இருக்குமாயின் யாரேனும் காட்டட்டும். இக்கட்டுரையைக் கிழித்தெறிந்துவிட்டு அந்நூலைத் தோட்டந்தோறும் சுமந்து செல்ல நாம் தயார்.

மூன்றாவது கூற்று நம் பகுத்தறிவுத் தோழர்கள் சிலரிடமிருந்தே வருவது: "கதை என்பதே கற்பனை, பிள்ளைகளுக்கு அறிவியல் நூல்கள் போதும்." அறிவியல் வேண்டும்; ஐயமே இல்லை. மின்னல் எவ்வாறு விழுகிறது என்பதை அறிவியல் சொல்லும். அந்த அறிவு பேயையும் விதியையும் விரட்டும். ஆனால் மாண்டவனுடைய கோலிக்குண்டுகள் என் பையிலே இருக்கின்றனவே, அவற்றை நான் என்ன செய்வது? முந்தின நாள் அவனோடு சண்டையிட்டேனே, அதனாலேதான் அவன் போய்விட்டானா? புதிதாய் ஒருவனோடு விளையாடினால் அவனுக்கு நான் இரண்டகம் செய்தவனாவேனா? இவையே குழந்தையின் கேள்விகள். இவற்றுக்கு மின்சாரத்தைப் பற்றிய பாடம் விடை தாராது. பேயையும் விதியையும் விரட்டிவிட்டு அவை இருந்த இடத்தை வெறுமையாய் விட்டோமாயின், அவை மீண்டும் குடியேறும். அவ்விடத்திலே உண்மையான கதையைக் குடியேற்றுவது பகுத்தறிவின் பணியேயாகும்.

"விற்காது; யார் வாங்குவார்?" என்பது நான்காவது கூற்று. இது பதிப்பாளர் கூற்று. கே. பாலமுருகன் இந்நாட்டிலேயே 'மர்மக் குகையும் ஓநாய் மனிதர்களும்' போன்ற சிறுவர் நாவல்களை எழுதியிருக்கிறார். தேர்வுக்கு உதவாத கதையையும் நம் பிள்ளைகள் விரும்பிப் படிப்பர் என்பதற்கு அதுவே சான்று. தமிழ்நாட்டிலே யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்', குழந்தைகளுக்கு நேரும் பாலியல் தொல்லையைக் குழந்தைகளுக்கே சொல்லும் கதை, 2020-ஆம் ஆண்டுக்கான பால சாகித்திய புரஸ்கார் விருதைப் பெற்றது. பேசவே கூசும் பொருளையே பொறுப்போடு சொல்லலாம் என்றால், எல்லாக் குழந்தையும் என்றேனும் எதிர்ப்படவேண்டிய பிரிவைச் சொல்லலாகாதா?

கதை எப்படி இருக்கவேண்டும்?

பழிப்பது எளிது, வழி கூறுவதே கடன். ஆதலின் எழுத முன்வருவோர்க்கு நம் கருத்தைச் சொல்லி வைக்கிறோம்.

மாண்டவர் மாண்டவராகவே இருக்கட்டும். கடைசிப் பக்கத்திலே மருத்துவரையோ தெய்வத்தையோ கொணர்ந்து எழுப்பிவிடாதீர். பொய்யான மகிழ்ச்சியைக் குழந்தை எளிதிலே கண்டுகொள்ளும். கண்டுகொண்டபின் நம் மெய்யையும் நம்பாது.

அதே வேளையில், சாவை மட்டும் எழுதிவிட்டு நட்பை எழுதாமல் விடாதீர். முதற் பக்கத்திலேயே மாளும் பிள்ளைக்காக எவரும் வருந்தார். மீன் பிடித்ததும், பொய் சொல்லி ஒருவரையொருவர் காப்பாற்றியதும், ஒரே ஐஸ் குச்சியை மாறிமாறிச் சுவைத்ததும் கதையிலே நிறைந்திருக்கவேண்டும். சிரித்துச் சிரித்துப் படித்த பிள்ளைதான் பின்னர் அழும், அழுது தெளியும்.

ஊர் நம் ஊராக இருக்கட்டும். கம்போங் குவாந்தான் கரையிலே இரவிலே மரம் முழுவதும் மின்னும் மின்மினிகளைக் காண வெளிநாட்டார் படகேறி வருகின்றனர். அவற்றைப் பார்த்துக்கொண்டே ஒரு தமிழ்ச் சிறுவன் தன் நண்பனை நினைத்தான் என்று ஒருவரேனும் எழுதக்கூடாதா? மெலாவத்திக் குன்றின் குரங்குகளையும், பெரட்டுக் களத்தின் சங்கையும், செம்பனை லாரியையும் விட்டுவிட்டு, கண்டறியாத காட்டின் கரடியைத் தேடிப் போவானேன்?

நீதியைக் கீழே அச்சிடாதீர். "இதனால் அறியப்படுவது யாதெனில்" என்று தொடங்கும் வாக்கியம், கதையின் கழுத்தைத் திருகும் கை. சுற்றி நிற்கும் பெரியவர்களையும் உள்ளபடி காட்டுங்கள். ஆறுதல் சொல்லத் தெரியாமல் தடுமாறும் அப்பாவும், சினந்து விழுந்து பின்னர் தனியே அழும் அம்மாவும் கதையிலே வரட்டும். பெரியவர்களுக்கும் தெரியாது என்பதை அறிவது குழந்தைக்கு ஒரு பெரிய ஆறுதல்.

செய்யவேண்டியது

1941-இலே கிள்ளான் வட்டாரத் தோட்டங்களிலே தொடங்கி அண்டை வட்டாரங்களுக்கும் பரவிய வேலைநிறுத்தத்தை நம் மக்கள் மறந்திருக்கமாட்டார்கள். கூலி உயர்வு கேட்டார்கள். கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கமாட்டோம் என்றார்கள். அந்தக் கோரிக்கைப் பட்டியலிலே வேறு இரண்டும் இருந்தன. பிள்ளைகளுக்குத் தக்க கல்வி வேண்டும் என்பது ஒன்று. உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள்ளே தடையின்றி வந்துபோக வேண்டும் என்பது மற்றொன்று. பட்டாளத்தின் துப்பாக்கிக்கு எதிரே நின்றபோதும் நட்பை ஓர் உரிமையாய்க் கேட்ட கூட்டம் நம் கூட்டம்! அவர்கள் நட்பை அற்பமென்று எண்ணவில்லை. அவர்கள் பேரப்பிள்ளைகளின் நட்பை நாம் அற்பமென்று எண்ணலாமா?

ஆகவே, எழுத்தாளர் சங்கங்களைக் கேட்கிறோம்: ஆண்டுதோறும் நடத்தும் சிறுகதைப் போட்டிகளிலே, குழந்தைகளுக்கான நாவலுக்கு ஒரு பரிசை ஒதுக்குங்கள். தமிழ்ப் பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களைக் கேட்கிறோம்: விழா மாலைகளுக்கும் பொன்னாடைகளுக்கும் செலவாகும் பணத்திலே ஒரு பகுதியைக் கதைநூலுக்கு ஒதுக்குங்கள். ஆசிரியர்களைக் கேட்கிறோம்: 'நான் ஒரு குடை' என்பதற்குப் பதிலாக ஒரு முறையேனும் 'போய்விட்ட என் நண்பன்' என்று தலைப்புக் கொடுங்கள். பிள்ளைகள் எழுதிக் கொடுப்பதைச் சிவப்பு மையால் திருத்துமுன் ஒரு தடவை முழுவதும் படியுங்கள். தோட்டத்திலே பிறந்து நகரத்திலே குடியேறிய முதியோரைக் கேட்கிறோம்: நீங்கள் இழந்த தோழரின் கதையைப் பேரனுக்குச் சொல்லுங்கள். அவன் எந்தத் தோட்டத்தான், எந்த லயத்தான், எவ்வாறு போனான் என்பதை மறையாமல் சொல்லுங்கள். தோட்டங்கள் வீட்டு மனைகளாகின்றன, லயங்கள் இடிக்கப்படுகின்றன, ஊர்ப் பெயர்களே மாறுகின்றன. அச்சிலேறாத தோழமைக்கு இனிமேல் இடம் ஏது?

அதியமான் மாண்டான் என்று குழந்தைக்குச் சொன்னால் நெல்லிக்கனி கசந்துவிடாது. ஈந்தவன் இறப்பவன் என்று அறிந்த பின்னரே அந்த ஈகையின் அருமை விளங்கும். பின்பாதியையும் சொல்லுங்கள், தோழர்களே! கேட்கும் வலிமை நம் பிள்ளைகளுக்கு உண்டு. சொல்லும் துணிவு நமக்கு வரட்டும்.